கறவை மாடுகளின் நோயெதிர்ப்பில் கொழுப்பு அமிலங்கள்

கறவை மாடுகளின் நோயெதிர்ப்பில் கொழுப்பு அமிலங்கள் வகிக்கும் பங்கு, கால்நடை ஊட்டவியலும் நோயெதிர்ப்பியலும் சந்திக்கும் ஓர் ஆய்வுத் துறையாகும். பசு உண்ணும் கொழுப்பு ஆற்றலுக்கு மட்டும் பயன்படுவதில்லை. அதன் ஒரு பகுதி வெள்ளை அணுக்களின் சவ்வில் இடம்பெறுகிறது. அங்கிருந்து அது, தேவைக்கேற்ப, அழற்சியைத் தூண்டும் பொருள்களாகவோ அதனை அடக்கும் பொருள்களாகவோ மாற்றப்படுகிறது. எனவே தீவனத்தில் எவ்வகைக் கொழுப்பு உள்ளது என்பது, மடிக்குள் நுழைந்த கிருமியைப் பசு எவ்வளவு விரைவாக எதிர்கொள்கிறது என்பதையும் ஓரளவு பாதிக்கிறது.

மிகுதியாகப் பால் தரும் பசுக்களில் 30 முதல் 50 விழுக்காடு வரையானவை கன்று ஈனுவதையொட்டி ஏதேனும் ஒரு வளர்சிதைமாற்ற நோய்க்கோ தொற்றுநோய்க்கோ ஆளாகின்றன என மதிப்பிடப்பட்டுள்ளது. பசுக்களின் நோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஈன்ற முதல் மாதத்திலேயே தோன்றுகிறது. மடியழற்சி (மடிவீக்க நோய்), கருப்பை அழற்சி, நஞ்சுக்கொடி விழாமல் தங்குதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. தீவனத்தை மாற்றுவதன் மூலம் இவற்றைக் குறைக்க முடியுமானால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் தேவையும் குறையும் என்ற எதிர்பார்ப்பே இவ்வாய்வுகளுக்குத் தூண்டுதலாக அமைந்தது.

மனித உணவைப் பற்றிய நூல்களில் ஒமேகா-3 நல்லது, ஒமேகா-6 தீயது என்ற எளிய பாகுபாடு பரவலாகக் காணப்படுகிறது. அதனைப் பசுவுக்கு அப்படியே பொருத்த இயலாது. முதலாவதாக, பசு உண்ணும் கொழுப்பு அதன் குடலை அடையும் முன்பே வேறொன்றாக மாறிவிடுகிறது. இரண்டாவதாக, கன்று ஈனும் வேளையில் பசுவின் குருதியில் மிகுந்திருப்பது தீவனக் கொழுப்பு அன்று. அதன் சொந்த உடற்கொழுப்பே ஆகும்.

வகைகளும் தீவன மூலங்களும்

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் சங்கிலியாக இணைந்த ஒரு மூலக்கூறு. அச்சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாதவை நிறைவுற்றவை. ஒன்று உள்ளவை ஒற்றை நிறைவுறாதவை. ஒன்றுக்கு மேற்பட்டு உள்ளவை பன்மை நிறைவுறாதவை. சங்கிலியின் மெத்தில் முனையிலிருந்து எண்ணும்போது முதல் இரட்டைப் பிணைப்பு மூன்றாம் கார்பனில் தொடங்கினால் ஒமேகா-3 என்றும், ஆறாம் கார்பனில் தொடங்கினால் ஒமேகா-6 என்றும் வழங்கப்படும்.

லினோலெயிக் அமிலமும் (ஒமேகா-6) ஆல்ஃபா-லினோலெனிக் அமிலமும் (ஒமேகா-3) பெயரளவில் ஒத்திருப்பதால் அடிக்கடி குழப்பிக் கொள்ளப்படுகின்றன. இவ்விரண்டையும் பாலூட்டிகளின் உடல் தானே உருவாக்க இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். கொழுப்பு அமிலங்களுள் இன்றியமையாதவை உண்டு என்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சியார்ச் பர், மில்ட்ரெட் பர் இணையர் 1929 ஆம் ஆண்டு எலிகளைக் கொண்டு நிறுவினர்.

பசும்புல்லின் கொழுப்பில் பாதிக்கு மேல் ஆல்ஃபா-லினோலெனிக் அமிலமே உள்ளது. புல் முற்றி உலரும்போது இது பெருமளவு குறைந்துவிடுவதால் வைக்கோலில் சிறிதளவே எஞ்சுகிறது. ஆளி விதை எண்ணெயிலும் இது ஏறத்தாழ பாதிப் பங்கு காணப்படுகிறது. மக்காச்சோளம், சோயா, பருத்திக்கொட்டை, சூரியகாந்தி, குசும்பா ஆகியவற்றில் லினோலெயிக் அமிலம் மிகுதி. பனை எண்ணெயில் (எண்ணெய்ப்பனையின் எண்ணெய்; நம்மூர்ப் பனை அன்று) பால்மிட்டிக் அமிலமும் ஒலெயிக் அமிலமும் மிகுந்துள்ளன. தேங்காய்ப் பிண்ணாக்கில் எஞ்சும் எண்ணெயில் லாரிக் அமிலம் முதன்மையானது. மீன் எண்ணெயில் 20 கார்பன்களைக் கொண்ட ஐகோசாபென்டயீனாயிக் அமிலமும் (இ.பி.ஏ.) 22 கார்பன்களைக் கொண்ட டோகோசாஹெக்சயீனாயிக் அமிலமும் (டி.எச்.ஏ.) உள்ளன. ஆல்ஃபா-லினோலெனிக் அமிலத்திலிருந்து இவ்விரண்டையும் பசுவின் உடல் உருவாக்கிக்கொள்ள முடியும் எனினும் மிகச் சிறிய அளவிலேயே அது நிகழ்கிறது.

அசையூண் வயிற்றின் குறுக்கீடு

பசுவின் நான்கறை வயிற்றில் முதலாவதும் பெரியதுமான அசையூண் வயிறு (பெருவயிறு) ஒரு நொதிக்கலன் போன்றது. அங்கு வாழும் பாக்டீரியாக்களுக்கு நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் நச்சுத்தன்மை வாய்ந்தவை. எனவே அவை அவ்வமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனைச் சேர்த்து அவற்றை நிறைவுற்றவையாக மாற்றிவிடுகின்றன. உயிர்வழி ஹைட்ரஜனேற்றம் எனப்படும் இந்நிகழ்வு 1951 ஆம் ஆண்டு ரைசர் என்னும் ஆய்வாளரால் ஆளி விதை எண்ணெயின் அமிலத்தைக் கொண்டு காட்டப்பட்டது. பியூட்டிரிவிப்ரியோ இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

இதன் அளவு வியக்கத்தக்கது. உண்ணப்படும் லினோலெயிக் அமிலத்தில் 70 முதல் 95 விழுக்காடும், ஆல்ஃபா-லினோலெனிக் அமிலத்தில் 85 விழுக்காட்டுக்கு மேலும் இவ்வாறு மாற்றப்படுகின்றன. இறுதியில் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலமே. பசு நாள் முழுவதும் ஒமேகா-3 நிறைந்த பசும்புல்லை மேய்ந்தாலும் அதன் பாலிலிருந்து எடுத்த நெய் குளிரில் கட்டியாக உறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றம் எப்போதும் முழுமையடைவதில்லை. இடைநிலையில் தோன்றும் சில அமிலங்கள் தப்பிச் செல்கின்றன. நார்ச்சத்து போதிய அளவு உள்ளபோது இணைவுற்ற லினோலெயிக் அமிலத்தின் ஒரு வடிவமும் வாக்சினிக் அமிலமும் உருவாகின்றன. நார்ச்சத்துக் குறைந்து மாவுச்சத்து மிகுந்து அசையூண் வயிறு அமிலத்தன்மை அடைந்தால் வேறொரு வழி திறக்கிறது. அவ்வழியில் தோன்றும் வடிவம் மடியில் கொழுப்பு உருவாவதைத் தடுத்துப் பாலின் கொழுப்புச் சத்தைச் சரியச் செய்கிறது. ஆகவே ஒரே எண்ணெய் இரு வேறு பண்ணைகளில் இரு வேறு விளைவுகளைத் தருவதில் வியப்பில்லை.

ஹைட்ரஜனேற்றத்திலிருந்து கொழுப்பைக் காக்கும் முயற்சிகள் 1970களின் தொடக்கத்தில் ஆத்திரேலியாவில் தொடங்கின. எண்ணெய்த் துளிகளைப் புரதத்தால் பொதிந்து, அப்புரதத்தை ஃபார்மால்டிகைடு கொண்டு இறுக்கும் முறையை டி. டபிள்யூ. ஸ்காட்டும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கினர். 1980களில் அமெரிக்காவின் ஒகையோவில் பாம்குவிஸ்ட், ஜென்கின்ஸ் ஆகியோர் கொழுப்பு அமிலங்களைக் கால்சியத்துடன் சேர்த்து உப்பாக்கும் முறையை ஆராய்ந்தனர். இன்று சந்தையில் பைபாஸ் கொழுப்பு என விற்கப்படுபவற்றுள் பெரும்பகுதி இத்தகைய கால்சிய உப்பே. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொழுப்பு அமிலம் எவ்வளவு நிறைவுறாததோ அவ்வளவு எளிதாக அதன் கால்சிய உப்பு அசையூண் வயிற்றின் அமிலத்தன்மையில் பிரிந்துவிடுகிறது. பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் ஒமேகா-3 அமிலங்களுக்கே பாதுகாப்புக் குறைவாகக் கிடைக்கிறது என்பது இத்தொழில்நுட்பத்தின் முரண்.

வெள்ளை அணுக்கள் மீது செயற்படும் வழிகள்

பசுவின் குருதியில் மனிதரைப் போலன்றி, நியூட்ரோஃபில்களைவிட நிணநீரணுக்களே எண்ணிக்கையில் மிகுதி. ஆயினும் மடியில் கிருமி நுழைந்தவுடன் குருதியிலிருந்து முதலில் விரைந்து வருபவை நியூட்ரோஃபில்களே. அவை குருதிக்குழாயின் சுவரில் ஒட்டி, வெளியேறி, கிருமியை விழுங்கி, உயிர்வளிசார் வேதிப்பொருள்களால் கொல்கின்றன. இந்த ஒவ்வொரு படியிலும் கொழுப்பு அமிலங்களின் தாக்கம் காணப்படுகிறது.

நன்கு அறியப்பட்ட வழி ஐக்கோசனாய்டுகள் வழியாகும். வெள்ளை அணு தூண்டப்படும்போது அதன் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் (ஒமேகா-6) பிரிக்கப்பட்டு, நொதிகளால் புரோஸ்டாகிளாண்டின்களாகவும் லியூக்கோட்ரையீன்களாகவும் மாற்றப்படுகிறது. வீக்கம், காய்ச்சல், வலி, நியூட்ரோஃபில்களின் வரவு ஆகியவற்றை இவை நடத்துகின்றன. புரோஸ்டாகிளாண்டின்கள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகப் பெரிஸ்ட்ரோம், சாமுவேல்சன், வேன் ஆகியோர் 1982 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். சவ்வில் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தை இ.பி.ஏ. பிடித்துக்கொண்டால், அதே நொதிகள் வீரியம் குறைந்த பொருள்களை உருவாக்குகின்றன. மேலும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகியவற்றிலிருந்து ரிசால்வின் போன்ற பொருள்கள் தோன்றி, அழற்சியை முடித்துவைக்கின்றன. அழற்சி தானே ஓய்ந்துவிடுவதில்லை, முடித்துவைக்கப்படுகிறது என்பது கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வலுப்பெற்ற கருத்தாகும்.

மற்றொரு வழி ஏற்பிகள் சார்ந்தது. நியூட்ரோஃபில்களின் மேற்பரப்பில் கொழுப்பு அமிலங்களை நேரடியாக உணரும் ஏற்பிகள் உள்ளன. சிலி நாட்டின் வல்தீவியாவிலுள்ள ஆத்திரல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ஒலெயிக் அமிலம் பசுவின் நியூட்ரோஃபில்களைத் தூண்டி, அவற்றின் உயிரணுவினுள் கால்சியத்தை உயர்த்தி, கிருமிக்கொல்லிப் பொருள்களை வெளியிடச் செய்வதை 2011 இல் காட்டினர். நிறைவுற்ற பால்மிட்டிக் அமிலமும் அழற்சியைத் தூண்டுகிறது. பாக்டீரியாவின் உள்நச்சை உணரும் டோல்-4 ஏற்பியுடன் அது நேரடியாகப் பிணைவதாக முன்பு கருதப்பட்டது. 2018 இல் வெளியான ஆய்வு அவ்வாறு பிணைவதில்லை எனக் காட்டியது.

கன்று ஈனும் காலம்

ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களும் பிந்தைய மூன்று வாரங்களும் மாறுநிலைக் காலம் எனப்படும். இக்காலத்தில் பசுவின் வெள்ளை அணுக்கள் தளர்வுறுகின்றன என்பதை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்சு நகரிலுள்ள தேசிய கால்நடை நோய் மையத்தின் கேர்லியும் உடன் ஆய்வாளர்களும் 1989 இல் விரிவாகப் பதிவு செய்தனர். அதே மையத்தில் 1999 இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. மடி நீக்கப்பட்ட பசுக்களையும் மடியுள்ள பசுக்களையும் ஈனச் செய்து ஒப்பிட்டபோது, ஈனுவதற்கு முன் இரு பிரிவிலும் நியூட்ரோஃபில்களின் கொல்லும் நொதியின் செயல் குறைந்தது. மடி இல்லாத பசுக்களில் அது ஒரு வாரத்தில் மீண்டது. பால் சுரந்த பசுக்களில் ஆய்வு முடியும்வரை மீளவில்லை. ஈனும் நிகழ்வு மட்டுமன்றிப் பால் சுரத்தலின் வளர்சிதைமாற்றச் சுமையும் இத்தளர்ச்சிக்குக் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை எனலாம்.

அச்சுமை கொழுப்போடு தொடர்புடையது. ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் பசுவின் உணவு உட்கொள்ளல் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. ஈன்றபின் பாலின் தேவை உணவை விஞ்சிவிடுகிறது. குறையை ஈடுசெய்யப் பசு தன் கொழுப்பிழையத்தைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பு, எஸ்டராகாத கொழுப்பு அமிலங்களாகக் குருதியில் பாய்கிறது. இவற்றுள் பெரும்பாலானவை பால்மிட்டிக், ஸ்டியரிக், ஒலெயிக் அமிலங்களே. பல மாதங்களாகச் சேர்த்துவைக்கப்பட்ட கொழுப்பு ஒரே வாரத்தில் வெளிவரும்போது, அன்றாடத் தீவனத்தில் கலக்கும் சிறிதளவு ஒமேகா-3 அதனுடன் போட்டியிட வேண்டியுள்ளது. ஆகவே ஈனுவதற்கு முன் பசுவை அளவுக்கு மீறிக் கொழுக்க வைப்பதும் ஒருவகையில் தீவனக் கொழுப்புச் சிக்கலே. அதன் விளைவு காலந்தாழ்ந்து வெளிப்படுகிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் 2010 ஆம் ஆண்டு ஆய்வின்படி, இவ்வமிலங்களின் அளவு லிட்டருக்கு ஈனுவதற்கு முன் 0.29 மில்லிச்சமானத்தையோ ஈன்றபின் 0.57 மில்லிச்சமானத்தையோ எட்டினால் நோய்க்கான வாய்ப்பு உயர்கிறது. இத்தாலியின் விதெர்போவிலுள்ள தூசியா பல்கலைக்கழகத்தில் லாச்சேத்தெராவும் குழுவினரும் 2004 இல் செய்த ஆய்வில், இவ்வமிலங்கள் மிகுந்த வளர்ப்பூடகத்தில் பசுவின் நிணநீரணுக்கள் பெருகும் திறனும் எதிர்ப்பொருளையும் இன்டர்ஃபெரான்-காமாவையும் சுரக்கும் திறனும் குறைந்தன. மிகு செறிவில் நியூட்ரோஃபில்கள் இறப்பதும் வேறோர் ஆய்வில் காணப்பட்டது.

இவை சோதனைக்குழாயில் பெறப்பட்ட முடிவுகள் என்பதை மறக்கலாகாது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆர்சுட்டு, குவிடெரா, பாம்கார்டு ஆகியோர் 2021 இல் இக்கருத்தையே கேள்விக்கு உட்படுத்தினர். கொழுப்பு கரைவது நோயெதிர்ப்பைக் கெடுக்கவில்லை. ஏற்கனவே தொடங்கிவிட்ட அழற்சி பசுவின் பசியைக் குறைத்து, கொழுப்பைக் கரையச் செய்கிறது என்பது அவர்களது வாதம். தூண்டப்பட்ட நோயெதிர்ப்பு முறைமை பசுவின் உடலில் 12 மணி நேரத்தில் ஒரு கிலோகிராமுக்கு மேல் குளுக்கோசைச் செலவழிக்கிறது என்ற அவர்களது அளவீடு இவ்வாதத்துக்கு வலு சேர்க்கிறது. நலமாக இருந்து நிறையப் பால் கறக்கும் பல பசுக்களிலும் குருதிக் கொழுப்பு அமிலம் உயர்ந்தே காணப்படுகிறது என்பதும் உண்மை. காரணம் எது, விளைவு எது என்ற இவ்விவாதம் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

தீவன ஆய்வுகள்

ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவை. சில்வெஸ்ட்ரேயும் குழுவினரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், ஓல்சுட்டீன் பசுக்களுக்கு ஈனுவதற்கு 30 நாள் முன்னிருந்து ஈன்ற 30 நாள் வரை குசும்பா எண்ணெயின் கால்சிய உப்போ பனை எண்ணெயின் கால்சிய உப்போ தரப்பட்டது. ஒமேகா-6 மிகுந்த குசும்பாவைப் பெற்ற பசுக்களின் நியூட்ரோஃபில்கள் அழற்சித் தூண்டிகளான சைட்டோகைன்களை மிகுதியாகச் சுரந்தன. குழாய்ச் சுவரில் ஒட்ட உதவும் மூலக்கூறுகளும் கூடின. அதன்பின் சினைப்பருவக் காலத்தில் மீன் எண்ணெயின் கால்சிய உப்பைப் பெற்ற பசுக்களில் சைட்டோகைன் சுரப்புத் தணிந்தது; கருச்சிதைவும் குறைந்தது.

இம்முடிவு தொடக்கத்தில் கூறப்பட்ட எளிய பாகுபாட்டைத் தலைகீழாக்குகிறது. ஈன்றவுடன் கருப்பை கிருமிகளால் நிறைந்திருக்கும். அப்போது பசுவுக்குத் தேவை வலுவான அழற்சி. ஒமேகா-6 அங்குத் துணைசெய்கிறது. சில வாரங்கள் கழித்துக் கரு தங்கவேண்டிய வேளையில், கருப்பையின் புரோஸ்டாகிளாண்டின் மிகுந்தால் கருவைக் காக்கும் மஞ்சள் உடலம் சிதைந்துவிடும். அங்கு ஒமேகா-3 துணைசெய்கிறது. எது நல்லது என்பதைவிட எப்போது நல்லது என்பதே பொருத்தமான கேள்வி.

அதே பல்கலைக்கழகத்தில் கிரெக்கோவும் குழுவினரும் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, இரு வகைகளின் விகிதத்தை ஏறத்தாழ 4, 5, 6 என மாற்றிப் பார்த்தது. ஒமேகா-6க்கும் ஒமேகா-3க்கும் இடையிலான விகிதம் குறைந்தபோது பாலின் அளவு கூடியது. மடிக்குள் உள்நச்சைச் செலுத்தியபோது விகிதம் மிகுந்த பிரிவில் அழற்சி கடுமையாக இருந்தது. அழற்சிக்குச் செலவாகும் ஆற்றல் மிச்சமானதால் பால் கூடியிருக்கலாம் என விளக்கப்படுகிறது. கனடாவின் கியூபெக்கில் லெசார்டு, பெத்தீ ஆகியோர் 2003, 2004 ஆம் ஆண்டுகளில் ஆளி விதை, சோயா, பனை எண்ணெய் உப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு நிணநீரணுக்களை ஆராய்ந்தனர்.

இவ்வகை ஆய்வுகளைப் படிக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒப்பீட்டுப் பிரிவுக்குப் பெரும்பாலும் பனை எண்ணெய் உப்பு தரப்படுகிறது. அதுவும் செயலற்ற பொருள் அன்று. மேலும் ஆய்வகத்தில் வெள்ளை அணு சுறுசுறுப்பாக இயங்குவதும், பண்ணையில் மடியழற்சி குறைவதும் ஒன்றல்ல. பின்னதைக் காட்டப் பல நூறு பசுக்கள் தேவைப்படுகின்றன. அத்தகைய பெரிய ஆய்வுகள் சிலவே.

வைட்டமின் ஈ

இரட்டைப் பிணைப்புகள் உயிர்வளியால் எளிதில் தாக்கப்படுபவை. எனவே பன்மை நிறைவுறாத கொழுப்பைக் கூட்டும்போது வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவற்றின் தேவையும் கூடுகிறது. ஒகையோவில் 1984 இல் வெளியான ஆய்வில் வைட்டமின் ஈ தரப்பட்ட பசுக்களில் மடியழற்சி 37 விழுக்காடு குறைந்தது. மாறாக நெதர்லாந்தில் 2010 இல் வெளியான கள ஆய்வில், பால் வற்றிய காலத்தில் நாளொன்றுக்கு 3000 அலகு தரப்பட்ட பசுக்களில் மடியழற்சி கூடியது. குருதியில் ஏற்கனவே போதிய அளவு உள்ள பசுவுக்கு மேலும் தருவது பயனற்றது என்பதோடு தீங்காகவும் அமையக்கூடும்.

தீவன நடைமுறை

வழக்கமான தீவனத்தில் உலர்பொருளில் ஏறத்தாழ 3 விழுக்காடு கொழுப்பு இயல்பாகவே உள்ளது. மொத்தக் கொழுப்பு 6 முதல் 7 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பொது வரையறை. காக்கப்படாத எண்ணெயை நேரடியாகக் கலந்தால் நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் பாதிக்கப்பட்டு, பாலும் அதன் கொழுப்பும் குறையும். எண்ணெயாகத் தருவதைவிடப் பருத்திக்கொட்டை போன்ற முழு விதைகளாகத் தரும்போது எண்ணெய் மெல்ல வெளியாவதால் பாதிப்புக் குறைவு. மீன் எண்ணெய் பசுவின் உணவு உட்கொள்ளலையும் பாலின் கொழுப்பையும் குறைக்கவல்லது. ஆதலால் சிறிதளவே பயன்படுத்தப்படுகிறது.

இந்தியாவில் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் உள்ளிட்ட நிறுவனங்கள் பைபாஸ் கொழுப்பைப் பரிந்துரைக்கின்றன. இது பெரும்பாலும் பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைக் கொண்டு செய்யப்படுவதால், இதில் ஒமேகா-3 ஏறக்குறைய இல்லை. ஈன்ற பசுவின் ஆற்றல் பற்றாக்குறையைக் குறைப்பதே இதன் பணி. நோயெதிர்ப்புக்கான பயன் ஏதேனும் இருப்பின் அது அவ்வழியே வருவதாகும். வைக்கோலையும் பிண்ணாக்கையும் நம்பி வளர்க்கப்படும் பசுவுக்கு ஆல்ஃபா-லினோலெனிக் அமிலம் கிடைப்பதற்கான மலிவான வழி இன்றும் பசுந்தீவனமே. அசையூண் வயிற்றில் அதன் பெரும்பகுதி மாற்றப்பட்டாலும், தப்பிச் செல்லும் சிறு பகுதியைப் பசுவின் உடல் எரித்துவிடாமல் உயிரணுச் சவ்வுகளிலும் குருதியின் கொலஸ்ட்ரால் எஸ்டர்களிலும் சேர்த்துவைத்துக் கொள்கிறது.